இருபத்தெட்டும் பதின்மூன்றும்



போன வாரம் என் அண்ணனுக்கு முதல் வருடத் திதி கொடுத்தோம். வந்திருந்த உறவினர்களில் மூன்று பேர் தனித்தனியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். "அப்பா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு, இது அதுவா இருக்குமா?" என்றான் ஒருவன். "அம்மாவை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனோம் சித்தப்பா, மார்க் நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா வீட்ல பார்த்தா அப்படித் தெரியல" என்றாள் இன்னொருத்தி. "எங்க மாமியார் பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல, அவங்களுக்கு எப்படி டெஸ்ட் வைப்பாங்க?" என்றாள் மூன்றாமவள்.

மூவருக்கும் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நீளமான பதிவுதான். 45 நிமிட வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைகள் நீங்கள்; இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

என் மேசை டிராயரில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பரீட்சையின் மதிப்பெண் தாள்கள். ஒன்று என் அண்ணனுடையது, 2017-ல் எழுதியது, 30-க்கு 28. இன்னொன்று கள்வராயன் மலையில் என்னிடம் படித்த ஒரு மாணவனின் தாயாருடையது, 2022-ல் எழுதியது, 30-க்கு 13. மறதி நோய் இருந்தது 28 வாங்கியவருக்கு. 13 வாங்கியவருக்கு அது இல்லை. 34 வருடம் மார்க் போட்டே சம்பளம் வாங்கியவன் நான். இந்த இரண்டு தாள்களும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கற்கவில்லை.

அது புரிய வேண்டுமானால் இந்தப் பரீட்சை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சரித்திர வாத்தியார் வேறு எங்கே ஆரம்பிப்பான்?

1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனைக்கு 51 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெயர் அகஸ்டே. கணவர் ரயில்வேயில் எழுத்தர். சில மாதங்களாகவே மனைவியின் நடத்தை மாறிவிட்டது, ஞாபகம் தப்புகிறது என்று சொன்னவர் அந்தக் கணவர்தான். அகஸ்டேயைப் பரிசோதித்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதி வைத்தார். உங்கள் பெயர் என்ன? அகஸ்டே. குடும்பப் பெயர்? அகஸ்டே. கணவர் பெயர்? அதற்கும் அகஸ்டே என்றே தயங்கித் தயங்கிச் சொன்னார். பென்சில், சாவி போன்ற பொருள்களைக் காட்டினால் பெயர் சரியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. தன் பெயரை எழுதச் சொன்னபோது முடியவில்லை. என்னையே நான் தொலைத்துவிட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது.

1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் தான் கண்டதைச் சொன்னார். 1910-ல் கிரெப்லின் என்ற பேராசிரியர் தன் பாடப்புத்தகத்தில் அந்த நோய்க்கு அல்சைமர் பெயரையே வைத்தார். அகஸ்டேயின் கோப்பு பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, 1995-ல்தான் பிராங்க்பர்ட்டில் திரும்பக் கிடைத்தது.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கணவரிடம் கேட்டார்கள். இரண்டு, இப்போது காட்டியது சற்று நேரம் கழித்து நிற்கிறதா என்று பார்த்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் இந்த இரண்டையும் அவ்வப்போது தொலைத்தார்கள், அவ்வப்போது கண்டுபிடித்தார்கள். மறதிப் பரீட்சையின் நூற்றிருபது வருடச் சரித்திரத்தை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

1968-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்டு, டாம்லின்சன், ராத் என்ற மூவர் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். முதியவர்களிடம் உயிரோடு இருக்கும்போதே கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். உறவினர்களிடமும் தனியாகக் கேட்டார்கள்: சில்லறைக் காசைக் கையாள முடிகிறதா, தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா, உடையைச் சரியாகப் போடுகிறாரா? அவர்கள் இறந்த பிறகு மூளையில் நோய்ப் படிவுகளை எண்ணிப் பார்த்தார்கள். படிவு கூடக்கூட மதிப்பெண் குறைந்திருந்தது. கேள்வி கேட்டு மூளையின் நிலையை ஓரளவு ஊகிக்க முடியும் என்பதற்கு அது வலுவான சான்று.

பிறகு 1975. அமெரிக்காவில் மார்ஷல் போல்ஸ்டீன், சூசன் போல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ மூவரும் ஒரு சின்னப் பரீட்சையை உருவாக்கினார்கள். மினி மென்டல் ஸ்டேட் என்று பெயர். பத்து நிமிடத்தில் முடியும், 30 மதிப்பெண். கட்டிலருகே உட்கார்ந்தே கேட்டுவிடலாம் என்பதால் உலகம் முழுக்கப் பரவியது. 24-க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கமாயிற்று. வீட்டாரிடம் கேட்கும் பகுதி இதில் இல்லை.

வினாத்தாளை நாமே திருத்துவது போலப் பார்ப்போம். ஆண்டு, பருவம், மாதம், தேதி, கிழமை: 5. மாநிலம், மாவட்டம், ஊர், கட்டடம், மாடி: 5. மூன்று சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்ல: 3. நூறிலிருந்து ஏழு ஏழாக ஐந்து முறை கழிக்க: 5. முன்பு சொன்ன மூன்று சொற்களை நினைவுகூர: 3. இரண்டு பொருள்களுக்குப் பெயர் சொல்ல: 2. ஒரு தொடரைத் திருப்பிச் சொல்ல: 1. மூன்று வேலைகளைச் சொன்னபடி செய்ய: 3. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய: 1. ஒரு வாக்கியம் எழுத: 1. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய: 1. மொத்தம் 30.

இதில் பென்சில் பிடித்த கைக்கும் வாய்ப்பாடு படித்த வாய்க்கும் மட்டுமே வரக்கூடியவை எவை? கழித்தலுக்கு 5, படிக்க 1, எழுத 1, வரைய 1. ஆக 8. பள்ளிக்கூடமே போகாத ஒருவர் மற்ற எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்கினாலும் 22-தான் வரும். 24-க்குக் கீழே. அதாவது பரீட்சைக்கு உட்காரும் முன்பே தோல்வி.

இது என் கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1993-ல் அமெரிக்காவில் 18,056 பேரின் மதிப்பெண்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒன்பது வருடமாவது படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு வருடம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. வித்தியாசம் மூளையில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தது.

மொழிச் சிக்கலும் உண்டு. கழித்தல் வராதவரிடம் ஆங்கிலத்தில் 'வேர்ல்டு' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார்கள். 'உலகம்' என்பதைப் பின்னாலிருந்து சொல்லிப் பாருங்கள், எனக்கே நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. திருப்பிச் சொல்ல வேண்டிய தொடர் 'நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்'. அதில் சோதனையே அந்த ஒலிகளின் நெருடலில்தான் இருக்கிறது. தமிழாக்கினால் அர்த்தம் வரும், சோதனை வராது.

இப்போது மலைக்குப் போவோம்.

என் முதல் வேலை கள்வராயன் மலையில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஏறியவன் நான். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்பவர்கள். சாமை, கேழ்வரகு, மரவள்ளி, கடுக்காய், புளி, தேன் என்று அவர்கள் வாழ்க்கை. மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. 1976-ல்தான் அந்த முறை முடிந்து, கிராமங்கள் அரசின் வருவாய்த் துறைக்குக் கீழே வந்தன.

அந்த மாணவனின் தாயார் அப்போது வாரம் ஒருமுறை பள்ளிக்கு வருவார். மகனைப் பார்க்க என்று சொல்வார். கையில் வாத்தியார்களுக்கும் சேர்த்து அவித்த மரவள்ளிக் கிழங்கு இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடுக்காய் வியாபாரி மூன்று வருடத்துக்கு முன்னால் எந்தச் சந்தையில் எத்தனை மூட்டைக்குப் பாக்கி வைத்தான் என்பதை வாய்க்கணக்காகச் சொல்லி வாங்கிவிடுவார்.

2022-ல் அவர் கணவர் இறந்த நாலாவது மாதம், "அம்மா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது சார், பேச்சே குறைஞ்சு போச்சு" என்று மகன் போன் செய்தான். வெளி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் காட்டியதில், ஒரு தாளை வைத்துக் கேள்வி கேட்டு, 13 போட்டு, மறதி நோய் என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். அவன் அழுதுகொண்டே அந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாளை மறுகூட்டல் செய்வது போல உட்கார்ந்தேன். போன மார்க் 17. கழித்தல், படித்தல், எழுதுதல், வரைதல்: 8 போச்சு. ஆண்டும் தேதியும் தெரியவில்லை: 2. என்ன மாதம் என்றதற்கு "ஐப்பசி" என்றிருக்கிறார். தாளில் எதிர்பார்த்தது அக்டோபர் போலிருக்கிறது, அதற்கும் சுழி. மாநிலம் என்றால் என்னவென்று திருப்பிக் கேட்டிருக்கிறார், சுழி. எத்தனையாவது மாடி? அவர் வாழ்க்கையில் மாடி ஏறியதே அன்றைக்குத்தான். எந்த மாவட்டம்? "தென்னாற்காடு ஜில்லா." அதற்கும் சுழி. ஆக 14. தொடரைத் திருப்பிச் சொல்லவில்லை, மூன்று வேலையில் ஒன்றைச் செய்யவில்லை: 2. அது காது கேட்காத கோளாறு என்று பிறகு தெரிந்தது. மூன்று சொற்களில் ஒன்றை மறந்திருந்தார்: 1. ஆக 17-ல் நினைவுக்காகப் போனது ஒன்றே ஒன்று.

அந்தத் 'தென்னாற்காடு' பதிலில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். அவர் பிறந்தபோது இது மதராஸ் மாகாணம். 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. 1993 செப்டம்பரில் தென்னாற்காடு பிரிந்து மலை விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. அந்த அம்மா தன் குடிசையை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவரைச் சுற்றி மாவட்டம்தான் பெயர் மாற்றிக்கொண்டே வந்தது. யாராவது மலையேறிப் போய் அவரிடம் அதைச் சொன்னார்களா?

நான் போய்ச் சொன்னேன். அடுத்த வாரமே வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போய், காதருகே உட்கார்ந்து சத்தமாகப் பேசினேன். "அம்மா, இப்போ நம்ம ஜில்லா கள்ளக்குறிச்சி." "அப்படியா? எப்போ மாத்துனாங்க?" என்றார். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து மறுபடி போனபோது வாசலிலேயே கேட்டார்: "என்ன வாத்தியாரே, உங்க புது ஜில்லா எப்படி இருக்கு?"

இதற்கு எத்தனை மார்க் போடுவது?

இந்தக் கேள்வி எனக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. 1931-ல் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். சுத்தியல், ரம்பம், கைக்கோடரி, மரக்கட்டை, இதில் சேராதது எது என்று எழுத்தறியாத விவசாயிகளிடம் கேட்டார். பள்ளியில் படித்தவர் மரக்கட்டை என்பார், மற்றவை கருவிகள். விவசாயிகளோ, கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை, எல்லாம் சேர்ந்ததுதான் என்றார்கள். அவர்கள் யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை. வகை பிரிப்பது பள்ளிக்கூடத்துப் பழக்கம், அவ்வளவே.

மறதிப் பரீட்சைக்கு இந்தப் பாடம் வந்து சேர இன்னும் 60 வருடம் ஆயிற்று. கனடாவின் மானிடோபா பகுதியில் கிரீ பழங்குடி முதியவர்களிடம் போன ஹென்ட்ரி, ஹால் குழுவினர், ஆங்கிலப் பரீட்சையை மொழிபெயர்த்தால் போதாது என்று கண்டார்கள். படிப்பைச் சாராத கேள்விகளையும், வீட்டில் கூட இருப்பவரிடம் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இரண்டையும் ஒன்றாக எடைபோடும் சோதனையைச் செய்தார்கள். 1993-ல் அதை வெளியிட்டு, பிறகு நைஜீரியாவின் இபாதானுக்கும் கொண்டுபோனார்கள். பிராங்க்பர்ட் ரயில்வே எழுத்தரின் வாக்குமூலத்துக்குப் பரீட்சைத் தாளில் மறுபடி இடம் கிடைத்தது.

அதே காலத்தில் இந்தியாவில், ஹரியானாவின் பல்லப்கரில் ஒரு பெரிய வேலை நடந்தது. 55 வயதுக்கு மேற்பட்ட 5,126 பேர், அதில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுத்தறியாதவர்கள். மேரி கங்குலி, விஜய் சந்திரா முதலியோர் அந்த 30 மதிப்பெண் தாளை இந்திக்கு மட்டுமல்ல, அந்தக் கிராமத்துக்கே மாற்றினார்கள். எந்த ஆண்டு என்பதற்குப் பதில், இப்போது காலையா மதியமா மாலையா? ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். நாக்கைச் சோதிக்கும் தொடருக்குப் பதில், 'இதுவும் இல்லை, அதுவும் இல்லை'. 1995-ல் இதை வெளியிட்டார்கள். வீட்டாரைக் கேட்க இன்னொரு பட்டியலும் தயாரித்தார்கள். அன்றாட வாழ்வில் அவரால் எதெது முடிகிறது என்பதுதான் அதில் கேள்வி.

நம் தமிழ்நாட்டிலும் ஆள்கள் உண்டு. அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருப்போரூரில் 60 வயதைத் தாண்டிய 750 பேரைப் பார்த்து, 3.5 சதவீதத்தினருக்கு மறதி நோய் என்று 1997-ல் ராஜ்குமார், தாரா குழுவினர் எழுதினார்கள். 1998-ல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற குழுவைத் தொடங்கினார்கள். மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வுகளிலோ 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சென்னையும், வேலூர் சிஎம்சி-யைச் சேர்ந்த கணியம்பாடி வட்டாரமும் அதில் இடம்பெற்றன.

கணியம்பாடி முடிவைக் கவனியுங்கள். 65 வயதைத் தாண்டிய 1,000 பேர். அமெரிக்க மனநல மருத்துவர்களின் விதிப்படி பார்த்தால் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. படிப்பின்மைக்குத் தக்கபடி திருத்திய 10/66 முறைப்படி பார்த்தால் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அதே ஊர், அதே ஆள்கள்!

எப்படி இவ்வளவு வித்தியாசம்? முதல் விதிப்படி, ஞாபகம் குறைந்தது அன்றாட வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். வீட்டாரைக் கேட்டால் "ஒண்ணும் பாதிப்பில்லைங்க, வயசானா அப்படித்தான்" என்பார்கள். நம் ஊரில் தாத்தாவுக்குத் தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோம். கடைக்கு அனுப்புவதில்லை, பணம் எண்ணச் சொல்வதில்லை. வேலையே கொடுக்காதபோது வேலை கெட்டது எப்படித் தெரியும்? நம் அன்பே நோயை மறைத்துவிடுகிறது. அதனால் வீட்டாரைக் கேட்டால் மட்டும் போதாது; "நல்லா இருக்காரா?" என்று பொதுவாகக் கேட்காமல், "போன வருஷம் செய்த எதை இந்த வருஷம் செய்யவில்லை?" என்று கேட்க வேண்டும்.

பிறகு வந்த சோதனைகளும் இதே வழியில்தான் போயின. 2004-ல் ஆஸ்திரேலியாவில், பல நாட்டுக் குடியேறிகளுக்காக ஒரு சோதனை செய்தார்கள். அதில் நினைவில் வைக்க வேண்டியது மளிகைச் சாமான்: தேயிலை, எண்ணெய், முட்டை, சோப்பு. 2005-ல் கனடாவின் மாண்ட்ரியலில் 'மோகா' வந்தது. ஆரம்பநிலை மறதியைக் கண்டுபிடிப்பதில் இது கெட்டிக்காரத் தாள். ஆனால் படிப்பு 12 வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரே ஒரு கருணை மதிப்பெண். அதிலுள்ள படங்களோ சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம். கரடியையும் காட்டுப்பன்றியையும் பெயர் சொல்லி விரட்டும் கள்வராயன் கிழவியிடம் ஒட்டகத்தைக் காட்டி என்ன பயன்? பிற்பாடு படிக்காதவர்களுக்கென்று தனி வடிவத்தை அந்தக் குழுவே தயாரித்தது. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் முதலில் ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்தது. 2017 முதல் 2020 வரை நாடு முழுவதும் 60 வயதைத் தாண்டிய 4,096 பேரைச் சோதித்து, அவர்கள் வீட்டாரையும் கேட்டு நடத்திய ஆய்வு, இந்தியாவில் அந்த வயதினரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று கணக்கிட்டது.

இப்போது அண்ணன் தாளுக்கு வருகிறேன். இதைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு சரித்திரம் சொன்னேனோ என்னவோ.

அண்ணன் கருவூலத்தில் வேலை பார்த்தவர். கணக்கில் புலி. 2017-ல் அண்ணி என்னிடம் சொன்னார்: "தம்பி, உங்க அண்ணன் பால்காரனுக்கு ரெண்டு தரம் பணம் குடுத்துட்டார். அப்பா திதிக்கு என்னென்ன வேணும்னு என்னைக் கேக்குறார். அவர் அவராவே இல்ல." சரி என்று ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதை அண்ணன் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். ஐங்கோணத்தை ஸ்கேல் வைத்தது போல வரைந்தார். 28. வெளியே வந்து இருவரும் சிரித்துக்கொண்டே காபி குடித்தோம்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நான் சொன்னது இது: "அண்ணி, முப்பதுக்கு இருபத்தெட்டு. என் பள்ளிக்கூடத்தில யாரும் இப்படி வாங்கினதில்ல. நீங்கதான் சும்மா பயப்படுறீங்க." அண்ணி ஒன்றும் பேசவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் அவர் என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

2019 கடைசியில் பென்ஷன் வேலையாகப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. இரவு பத்து மணிக்குத் தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தோம். அதன் பிறகு பார்த்த டாக்டர், முதலில் அண்ணனிடம் பேசவில்லை. அண்ணியைத் தனியாக உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்டார். பிறகு அண்ணனிடம் எந்த மாவட்டம் என்றார். "விழுப்புரம்." அப்போது புது மாவட்டம் வந்து சில வாரங்கள்தான், பாதி ஊர் அப்படித்தான் சொல்லியிருக்கும். டாக்டரும் சிரித்து, "இப்போ கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஐயா" என்று சொல்லிக்கொடுத்தார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். "விழுப்புரம்." மறுபடி சொன்னார். மறுபடி கேட்டார். "விழுப்புரம்."

அன்று இரவு 2017-ன் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். போன இரண்டு மார்க் எங்கே போயிருந்தன என்று அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். இரண்டுமே மூன்று சொற்களை நினைவுகூரும் கேள்வியில். மூன்றில் ஒன்றைத்தான் சொல்லியிருந்தார். மலையில் அந்த அம்மா மறந்தது ஒன்று. என் அண்ணன் மறந்தது இரண்டு. மொத்தத்தைப் பார்க்காதே, எந்தக் கேள்வியில் போனது என்று பார் என்று உங்களுக்கெல்லாம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நானே பார்க்கவில்லை. 40 வருடம் கூட வாழ்ந்தவர் சொன்னதை, பத்து நிமிடத் தாளைக் காட்டி வாயடைத்துவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். நோய் குணமாகியிருக்காது. சிலருக்குச் சில காலம் தாங்கிப்பிடிக்கும் மாத்திரைகள் உண்டு, அவ்வளவே. ஆனால் அண்ணன் தன் காரியங்களைத் தன் வாயால் சொல்லியிருப்பார். வீட்டை யார் பெயரில் எழுதுவது, அண்ணிக்கு என்ன ஒதுக்குவது என்று அவரே தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். பிறகு அதற்காக எத்தனை மனஸ்தாபம் என்பது உறவுகளுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணி இரண்டு வருடம் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்க மாட்டார். திதியன்று அண்ணியிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்களும் பாசத்துலதான சொன்னீங்க தம்பி" என்றார். அது இன்னும் வலிக்கிறது.

ஆகவே என்னிடம் கேட்ட மூவருக்கும், படிக்கிற எல்லோருக்கும் சில வார்த்தைகள்.

டாக்டரிடம் போகுமுன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: போன வருடம் செய்த எதை இப்போது செய்யவில்லை, எப்போது முதல், எத்தனை முறை. கூட வாழ்பவர் போக வேண்டும், கார் ஓட்டத் தெரிந்தவர் மட்டும் போனால் போதாது. எத்தனை வருடம் படித்தார், என்ன தொழில், வீட்டில் என்ன மொழி என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முதலில் காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். சமீபத்தில் துக்கம் நடந்ததா என்று சொல்லுங்கள். தைராய்டு, பி12 குறைவு, சில மாத்திரைகள்கூட மறதி போலக் காட்டும். மார்க் சொன்னால், எந்தக் கேள்வியில் போனது என்று கேளுங்கள். நன்றாக மார்க் வந்தும் வீட்டில் சரியாகத் தெரியவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி போங்கள். வீட்டில் பார்ப்பதும் பரீட்சைதான்.

என் மாணவர்களில் நர்ஸாகவும் ஆசிரியராகவும் மலைக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். பெரியவர்களிடம் எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அமாவாசை எப்போது போச்சு, சாமை அறுத்தாச்சா, நேற்று யார் வந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு புதுச் செய்தியைச் சொல்லிவிட்டு, அடுத்த முறை போகும்போது அதைக் கேளுங்கள்.

அந்த அம்மாவுக்குக் காதுக்குக் கருவி வாங்கியாயிற்று. போன மாதம் போனபோது, "உங்க அண்ணன் காரியம் முடிஞ்சு வருசம் ஆகப்போகுதே, திதி என்னைக்கு?" என்று கேட்டார். நான் ஒரே ஒரு தடவை சொன்னது. நாளைக்கே அவருக்கும் மறதி வரலாம், யாருக்கும் உத்தரவாதம் இல்லை. வந்தால் அதைக் கண்டுபிடிக்கப்போவது தாள் அல்ல, அவர் எப்படி இருந்தவர் என்று தெரிந்தவர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது "அவர் அவராவே இல்ல" என்று சொன்னால், தயவுசெய்து காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கள்ளக்குறிச்சி.